நகையை மட்டும் எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அடுத்த வருடம் அவருக்கு 55 வயது. மகன் ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கணிதப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாமல் கம்பஸ் கிடைக்கவில்லை. தனியார் நிறுவனத்தில் கணினிப் பட்டத்துக்கு 28 இலட்சம் கேட்கிறார்கள். கணவருக்கு 55இல் கைக்கு வரும் சேமலாப நிதியை எடுத்து, மகளின் நகையையும் அடகு வைத்தால் சமாளிக்கலாம். "பெத்தால் படிப்பிக்கத்தானே வேணும்" என்கிறான் மகன். "பதினெட்டோட என்ர கடமை முடிஞ்சுது" என்கிறார் கணவர். யார் சொல்வது சரி?
- ஒரு தாய், கொழும்பு 6

பதில்: அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகன் படித்த பிரிவு, படிக்கப்போகும் பட்டம், அதற்கான காசு எல்லாம் இருக்கிறது. மகள் எந்த வகுப்பு என்றுகூட இல்லை. அவளுடைய நகை மட்டும் இருக்கிறது.

அதைச் சீதனம் என்று நினைத்து வைத்திருப்பீர்கள். (சீதனம் பற்றி எனக்குள்ள கோபத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) என்ன பெயரில் வைத்தாலும் அது அவள் பங்கு. நாளைக்கு அவளும் படிக்கக் காசு கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பீர்கள்? அண்ணன் உழைத்து மீட்டுத் தருவான் என்ற நம்பிக்கையில் அடகுக்குப் போய், வட்டி ஏறி, அறுதியாகிப்போன நகைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அதில் கை வைக்காதீர்கள்.

மகன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கெட்டிக்காரன்தான். அரச பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பகுதி மாவட்ட ஒதுக்கீடு, எங்கள் கொழும்பில் வெட்டுப்புள்ளியோ உயரம். அவன் சொல்லும் "படிப்பிக்கத்தானே வேணும்" என்பதும் நம் வீடுகளில் பழகிய பேச்சுத்தான். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபிறகு, கம்பஸ் போன பிள்ளைக்குத் தாய் தகப்பன் கொடுத்தது போர்டிங் காசும் பஸ் காசும்தான். அந்தப் பேச்சுக்குள் 28 இலட்சம் பிறகு வந்து ஏறியது.

கணவரின் பதினெட்டுக் கணக்கும் எனக்குப் பிடிக்கவில்லை. சோற்றையும் நிறுத்தப் போகிறாரா என்ன? மாட்டார். சேமலாப நிதியை நினைத்துப் பயந்துதான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது. மாதாமாதம் அவர் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்த காசு அது. சொந்த வீடு இல்லாத உங்கள் இருவருக்கும் வயதான காலத்து வாடகையும் மருந்தும் அதில்தான். அதைத் தொடவே வேண்டாம்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணக்குக் கொப்பியை மகனுக்கு முன்னால் விரித்து வையுங்கள். இவ்வளவு வருமானம், இவ்வளவு வாடகை, மாதம் உனக்கு இவ்வளவு தரலாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மிச்சத்துக்கு வழி தேட வேண்டியது அவன். நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணம் உண்டு, ஆனால் வேலை செய்துகொண்டே படிக்கலாம். அரச சார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பதற்கென்று அரசின் வட்டியில்லாக் கடன் திட்டமும் இருக்கிறது. அவன் சொல்லும் பட்டம் அதற்குள் வருமா என்று அவனே போய் விசாரிக்கட்டும். அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்பதைக் காசு கட்டுமுன் பார்க்கச் சொல்லுங்கள்.

கொப்பியை விரிக்கும்போது மகளையும் பக்கத்தில் இருத்துங்கள். அப்புறம், அவள் எந்த வகுப்பு என்று எனக்கு எழுதுங்கள்.