2019-இல் டிவிடெண்ட் குறைந்ததும் விற்றுவிட்டு ஓடியவன் சொல்வது

கேள்வி: "தென்னாப்பிரிக்காவின் ஷாப்ரைட் போன்ற பெரிய சில்லறை வணிகக் குழுமத்தின் டிவிடெண்ட் வரலாற்றை நம்பி ஓய்வுக்காலப் பணத்தைப் போடலாமா? 2019-இல் ஒரு பள்ளம் தெரிகிறதே, அது ஆபத்தின் அடையாளமா?"

அந்தப் பள்ளத்தில் விழுந்தவன் என்ற ஒரே தகுதியில் பதில் எழுதுகிறேன். நான் நிதி ஆலோசகன் இல்லை. டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் முப்பத்தோரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன். "இவர் அந்தக் கம்பெனி ஆள்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒன்று: நான் தக்காளி வாங்குவது பங்களாதேஷ் மார்க்கெட்டில். என் தமிழைத் திருத்த வருகிறவர்களுக்கு இன்னொன்று: இது மாலை நேரப் பாடசாலையில் கற்ற தமிழ். ஐந்து தலைமுறைக்குப் பிறகு இவ்வளவு மிஞ்சியதே பெரிது.

நீங்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க்கில் கணினி வேலை பார்க்கும் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். முப்பது வயதில் ஓய்வுக்காலத்தைப் பற்றிக் கேட்பது உங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான். எங்கள் பிள்ளைகள் அந்த வயதில் கார் வாங்குவார்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும்.

முதலில் எண்கள். ஒரு பங்குக்கு ஷாப்ரைட் முழு ஆண்டுக்கும் லாபத்திலிருந்து கொடுத்த டிவிடெண்ட், சென்ட் கணக்கில் (நூறு சென்ட் எங்கள் ஒரு ராண்ட்): 2017-இல் 504, 2018-இல் 484, 2019-இல் 319, 2020-இல் 383, 2021-இல் 544, 2022-இல் 600, 2023-இல் 663, 2024-இல் 712. இதைக் கரும்பலகையில் கோடாக வரைந்தால் நடுவில் யாரோ கடித்து வைத்த மாதிரி இருக்கும். நீங்கள் கேட்பது அந்தக் கடியைப் பற்றி.

2019-க்கு முன்பு என்னிடம் சரியாக ஆயிரம் பங்கு இருந்தது. வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தது. 2017-க்கு 5,040 ராண்ட். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் டிவிடெண்ட் வரியை 15 சதவீதத்திலிருந்து 20 ஆக்கினார்கள், ஆகவே கைக்கு வந்தது 4,032. மறு வருடம் 3,872. பெரிய பணமில்லை. ஆனால் இரண்டாவது தவணை வருவது செப்டம்பர், அக்டோபர் வாக்கில், அதாவது எங்களுக்குப் புரட்டாசி மாதம். இங்கே புரட்டாசியில் கறி, மீன் வீட்டுக்குள் நுழையாது, தெரியும்தானே. என் அம்மா அந்தப் பணத்துக்குப் பெருமாள் காசு என்றே பெயர் வைத்திருந்தார். "கறிக்காரனுக்குப் போகாத மாசத்துல வர்ற காசு, கோயிலுக்குத்தான்டா போகணும்" என்பார். அப்படியே போயிற்று.

அம்மாவுக்கு அந்தக் கம்பெனியோடு ஒரு பழைய கணக்கும் உண்டு. அவருக்குக் கடை என்றால் ஓகே பஜார்தான். தீபாவளிக்குத் துணி, கல்யாணத்துக்குப் பாத்திரம், எல்லாம் அங்கே. 1927-இல் தொடங்கிய அந்த ஓகே-யை 1997-இல் ஷாப்ரைட் ஒரே ஒரு ராண்டுக்கு வாங்கியது. 157 சூப்பர்மார்க்கெட், 146 மரச்சாமான் கடை, எல்லாமாகச் சேர்த்து ஒரு ராண்ட். அம்மா நம்பவில்லை. "ஒரு ராண்டுக்கு ரொட்டிகூட வராதேடா" என்றார். நட்டத்தையும் சேர்த்து வாங்குகிறார்கள் அம்மா என்று விளக்கினேன். "அப்போ அந்த ஒரு ராண்டும் தெண்டம்தான்" என்றார். 1979-இல் எட்டே கடைகளைப் பத்து லட்சம் ராண்டுக்கு வாங்கித் தொடங்கிய தொழில், பதினெட்டு வருடத்தில் நாட்டின் பெயர் பெற்ற பஜாரைச் சில்லறைக் காசுக்கு எடுத்தது. அன்றிலிருந்து எனக்கு அந்தக் கம்பெனி மேல் ஒரு கண்.

இனி 2019. அந்தக் கணக்கு ஆண்டு 2018 ஜூலையில் தொடங்குகிறது. ஜோகன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவே செஞ்சுரியனில் உள்ள பெரிய விநியோகக் கிடங்கில் வேலைநிறுத்தம். அதே சமயம் கணினி முறையை அடியோடு மாற்றினார்கள். கடைகளில் அலமாரி காலி. அங்கோலாவில் குவான்சா நாணயம் சரிந்து, அங்கே சம்பாதித்தது ராண்டாக மாறி வரும்போது கரைந்துவிட்டது. மூன்று அடியும் ஒரே வருடத்தில். 484 என்பது 319 ஆயிற்று. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

ஆகஸ்டில் முடிவு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் மச்சான், அதாவது வீட்டுக்காரியின் தம்பி, தன் பக்கியை, அதாவது பிக்-அப் வண்டியை, எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து, உட்காராமலே சொன்னான்: "அத்தான், டிவிடெண்ட வெட்டுற கம்பெனில இருக்கக் கூடாது. இன்னைக்கு மூணுல ஒண்ணு, நாளைக்கு எல்லாம்." அவன் கையில் ஒரு மாற்றுத் திட்டமும் இருந்தது. வணிக வளாகங்களை வாடகைக்கு விடும் ஒரு நிதியம். பெயர் வேண்டாம். வருடத்துக்குப் பதினொரு சதவீதத்துக்குப் பக்கம் தருகிறது, ஒரு வருடம்கூடக் குறைந்ததில்லை என்று வரைபடம் காட்டினான். கோடு சீராக, படிக்கட்டு மாதிரி ஏறியது. என் கடித்த கோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முப்பத்தோரு வருடம் பிள்ளைகளிடம் "விடையை மட்டும் பார்க்காதே, வழிமுறையைக் காட்டு" என்று கத்தியவன், விடையை மட்டும் பார்த்தேன். ஆயிரத்தையும் விற்றேன். என்ன விலைக்கு என்று சொல்ல மாட்டேன்.

வழிமுறையைப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? அந்த நாட்களில் ஷாப்ரைட் சம்பாதித்ததில் ஏறத்தாழ பாதியைப் பங்குதாரருக்குக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும். 2018-லும் அப்படித்தான், 2019-லும் அப்படித்தான். சம்பாத்தியம் விழுந்தது, ஆகவே பாதியும் விழுந்தது. பங்குதாரர் முகம் வாடக்கூடாது என்று கடன் வாங்கியோ, கடை திறப்பதை நிறுத்தியோ 484-ஐக் காப்பாற்றவில்லை. அந்த வீழ்ச்சி ஒரு காய்ச்சல் மாதிரி. உடம்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுவும் அடையாளம். நான் அதைச் சாவுக்குறி என்று படித்தேன். மச்சானின் படிக்கட்டுக் கோடோ, வந்த வாடகை முழுவதையும் பங்கிட்டுவிட்டு, கட்டடங்களைக் கடனில் வாங்கி ஏறிய கோடு. அது வரைபடத்தில் தெரியாது. கடன் எவ்வளவு என்று வேறு பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது.

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு. கடைகள் மூடின, வாடகை நின்றது, நிதியம் "பகிர்வை ஒத்திவைக்கிறோம்" என்று கடிதம் அனுப்பியது. ஒத்திவைப்பு என்ற சொல்லுக்கு அப்போதுதான் புது அர்த்தம் தெரிந்தது. அந்தப் புரட்டாசியில் பெருமாள் காசு இல்லை. அம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. மக்கள் அரிசியும் மாவும் வாங்கிக்கொண்டேதான் இருந்தார்கள், ஷாப்ரைட் அதே ஆண்டு 383 கொடுத்தது.

2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் ஊர் எரிந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒன்பதாம் தேதி நெடுஞ்சாலையில் தொடங்கி, ஒரு வாரத்துக்கு டர்பனில் கடை என்று ஒன்று இல்லை. ரொட்டிக்காக விடியற்காலை நான்கு மணிக்கு வரிசையில் நின்றேன். ஆளுக்கு இரண்டு. எதிரே கூரை கருகிய சூப்பர்மார்க்கெட்டைப் பார்த்து எனக்குள் ஒரு கேவலமான நிம்மதி: நல்ல வேளை, விற்றுவிட்டோம். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கம்பெனியின் கணக்கு ஆண்டு ஜூலை 4-ஆம் தேதியே முடிந்திருந்தது. செப்டம்பரில் அறிவித்தார்கள், 544 சென்ட். 42 சதவீதம் கூடுதல். கலவரச் சேதம் அடுத்த ஆண்டுக் கணக்கில் விழுந்தது, அந்த அடுத்த ஆண்டும் 600 ஆயிற்று.

கணக்கு வாத்தியார் கணக்குப் போடாமல் இருப்பானா. விற்காமல் இருந்திருந்தால் 2020 முதல் 2024 வரை ஐந்தாண்டுக்கு 29,020 ராண்ட். இருபது சதவீத வரி போக 23,216. பங்கின் விலை ஏறியதை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் வீட்டில் சண்டை வரும், மச்சான் இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான்.

சரி, "அப்படியானால் ஒரு வருடமும் குறையாத கம்பெனியே மேல் இல்லையா" என்று யாராவது கேட்பீர்கள். அமெரிக்காவின் வால்மார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் முதல் டிவிடெண்ட், அன்று முதல் ஒவ்வொரு வருடமும் ஏற்றம். மறுப்பதற்கில்லை. ஆனால் 2013-இல் பங்குக்கு 1.88 டாலராக இருந்தது பத்து வருடம் கழித்து 2.28. வருடத்துக்கு நான்கு சென்ட். சாதனைப் பட்டியலில் பெயர் நிற்க அது போதும், விலைவாசிக்குப் போதாது. அதே வால்மார்ட் எங்கள் டர்பன் பிள்ளையான கேம் கடையை, மாக்ரோவை எல்லாம் வைத்திருந்த மாஸ்மார்ட்டில் 2011-இல் பங்குக்கு 148 ராண்ட் கொடுத்துப் பாதிக்கு மேல் வாங்கியது. 2022-இல் மிச்சத்தை வாங்கியபோது கொடுத்தது 62. உடையாத டிவிடெண்ட் கோடு மேலே ஒரு இடத்தில், கீழே இப்படி ஒரு கதை. கோடு எல்லாவற்றையும் சொல்லாது என்பதற்காகச் சொன்னேன், குற்றம் சொல்ல இல்லை.

உங்கள் கேள்விக்குச் சுருக்கமாக: 2019 பள்ளத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடவும் வேண்டாம். வரியில்லாச் சேமிப்புக் கணக்கு என்று 2015-இலிருந்து ஒன்று இருக்கிறதே, அதற்குள் தனிக் கம்பெனிப் பங்கை வாங்க முடியாது, பல பங்குகளைச் சேர்த்து வைத்திருக்கும் நிதியத்தை வாங்கினால் அந்த இருபது சதவீதம் பிடிக்க மாட்டார்கள். வாழ்நாளுக்கு ஐந்து லட்சம் ராண்ட்தான் எல்லை. நானோ ஷாப்ரைட்டை அதற்கு வெளியே, வரியோடுதான், மாதா மாதம் திரும்ப வாங்கிக்கொண்டு வருகிறேன். ஆயிரம் இருந்த இடத்தில் இப்போது 260. இன்னொன்று, செவ்வாய்க்கிழமை வாங்கி டிவிடெண்டைப் பிடித்துவிட்டுப் புதன்கிழமை விற்கலாம் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். இங்கே வழக்கமாக டிவிடெண்டோடு வாங்கச் செவ்வாய் கடைசி நாள், புதன் முதல் டிவிடெண்ட் இல்லாத விலை, வெள்ளி பதிவேட்டில் பெயர் பார்க்கும் நாள், அடுத்த திங்கள் பணம். புதன் காலை விலை அந்த அளவுக்கு இறங்கித்தான் திறக்கும். ஒன்றும் மிஞ்சாது, தரகுதான் தெண்டம்.

டிவிடெண்ட் என்று பேச்சு வந்ததால் இன்னொரு வயிற்றெரிச்சல். என் அப்பா துணி ஆலையில் வெட்டுக்காரர். எண்பதுகளில் ஒரு துணிக்கடைக் கம்பெனியில் நானூறு பங்கு வாங்கி, காகிதச் சான்றிதழை காமாட்சி விளக்கு வைக்கும் அலமாரியில் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். வருடத்துக்கு இரண்டு காசோலை வரும். அவர் போன பிறகு அம்மா பேருக்கு மாற்றலாம் என்று போனால், சான்றிதழில் குடும்பப் பெயரின் கடைசி எழுத்து ஆங்கிலத்தில் ஐ, அடையாள அட்டையில் ஒய். "இருவரும் ஒரே ஆள் என்று நிரூபியுங்கள்" என்கிறார்கள் பங்குப் பதிவாளர்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த முன்னோர் பெயரை யாரோ ஒரு வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், பிள்ளைக்கு மட்டும் நான்கு எழுத்துக்கூட்டல். என் பெரியப்பா பிள்ளைகளும் நாங்களும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதுகிறோம். இதைப் பதிவாளர் அலுவலகத்துப் பெண்ணிடம் சொன்னால், மிக மரியாதையாக, இன்னொரு படிவம் கொடுத்தாள்.

காசோலை முறையையே 2020 கடைசியோடு வங்கிகள் நிறுத்திவிட்டன. அதற்குப் பிறகு வந்த டிவிடெண்ட் எல்லாம் "கோரப்படாதது" என்ற தலைப்பில் எங்கோ கிடக்கிறது. இதுவரை போலீஸ் ஸ்டேஷனில் முத்திரை குத்தி வாங்கிய சத்தியப் பத்திரம் நான்கு. அம்மாவுக்கு எண்பத்தேழு வயது. திங்கட்கிழமை ஐந்தாவதுக்குப் போகிறேன். இந்த எழுத்துக்கூட்டல் விவகாரத்தை யாராவது முடித்துக் காட்டியிருந்தால், என்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று கீழே எழுதுங்கள்.