கடிதத்தைக் கிழிக்கும் ஹக் ஃபின்

மார்க் ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் ஹக் நரகத்துக்குப் போகிறேன் என்பது கிண்டலா என்று கேட்டிருந்தீர்கள். கிண்டல் இல்லை. தப்பியோடிய அடிமை ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி, அவனுடைய உரிமையாளர் மிஸ் வாட்சனுக்கு எழுதிய கடிதத்தை 31-ஆம் அத்தியாயத்தில் "சரி, நரகத்துக்கே போகிறேன்" என்று சொல்லிக் கிழிக்கிறானே, அதை அவன் உண்மையாகவே நம்பித்தான் சொல்கிறான். நையாண்டி மார்க் ட்வைனுடையது, பையனுடையது இல்லை.

நீங்கள் குழம்பக் காரணம், ஹக் செய்தது நல்ல காரியம் என்று நமக்குத் தெரிந்த மாதிரி அவனுக்கும் தெரியும் என்று எடுத்துக்கொண்டதாக இருக்கலாம். நாவல் 1884-85இல் வந்தாலும் கதை தொடங்குவது அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய மிசூரி மாநிலத்தில். அங்கே அடிமை என்றால் சொத்து, ஜிம்முக்கு உதவுவது மிஸ் வாட்சன் வீட்டில் திருடுவதற்குச் சமம். பதின்மூன்று பதினான்கு வயதுப் பையனுக்கு ஊரும் தேவாலயமும் சேர்ந்து ஊட்டிய மனசாட்சி அது.

16-ஆம் அத்தியாயத்தை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். ஜிம்மைக் காட்டிக்கொடுக்கத்தான் படகில் கிளம்புகிறான், துப்பாக்கியோடு வந்த இரண்டு பேரைப் பார்த்ததும் வாய் வரவில்லை, ஜிம் இருக்கும் தெப்பத்தில் பெரியம்மை என்று நினைக்கவைத்து அவர்களைத் துரத்திவிடுகிறான். அப்புறமும் தப்பு செய்துவிட்டோமே என்றுதான் வருந்துகிறான். 31இல் அவனை மாற்றுவது வாதம் எதுவும் இல்லை, ஹக்கை எழுப்பாமல் அவன் காவல் முறையையும் ஜிம்மே சேர்த்துப் பார்த்த நினைவுதான்.

ஒன்று, நீங்கள் படிப்பது சிறுவர்களுக்கான சுருக்கப் பதிப்பு என்றால் இந்த மனப்போராட்டமே வெட்டுப்பட்டிருக்கலாம், முழுப் பதிப்பில் பாருங்கள். ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்தபின் வரும் கடைசி அத்தியாயங்களில் இந்தக் கனம் இருக்காது. ஜிம்மின் விடுதலையை டாம் விளையாட்டாக்கிவிடுகிறான், எனக்கும் அந்தப் பகுதி பிடிக்காது.