டாக்டர் பதில்: அதே காய்ச்சல் ரெண்டாவது தடவை வந்தா

கேள்வி: என் மகனுக்கு 11 வயசுல மூளைக்காய்ச்சல் வந்து பெரியாஸ்பத்திரில ரெண்டு கிழமை வச்சிருந்தாங்க. இப்ப 16 வயசுல திரும்பவும் அதே காய்ச்சல். இந்த தடவை ரத்தத்தை கொழும்புக்கு அனுப்பி பார்த்துட்டு, காம்ப்ளிமென்ட்ல சி6னு ஒன்னு அவனுக்கு இல்லவே இல்லைனு சொல்றாங்க. நான் அத்தை மகனைத்தான் கட்டியிருக்கேன், அதனாலனு ஒருத்தர் சொல்றாரு. மாமியார் பனியில வெளையாட விட்டதாலதான்னு ஏசுறாங்க. இதுக்கு மருந்து இருக்கா? சின்னவளுக்கு 9 வயசு, அவளுக்கும் வருமா?
- ஒரு தாய், பொகவந்தலாவை

பதில்: பனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா, நான் சொன்னேன்னே மாமியார்கிட்ட சொல்லுங்க.

நானும் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவன்தான். லயத்துல தீ பிடிச்சா என்ன செய்வோம், தண்ணி வர்ற பீலியிலிருந்து வீட்டு காம்பரா வரைக்கும் வரிசையா நின்னு வாளிய கைமாத்துவோம்ல, காம்ப்ளிமென்ட் வேலையும் கிட்டத்தட்ட அதுதான். ரத்தத்துல சுத்திக்கிட்டிருக்க முப்பதுக்கும் மேல புரதங்க, பெரும்பாலும் ஈரல்ல உண்டாகுறது, கிருமிய பார்த்ததும் ஒன்னு அடுத்தத எழுப்பும், அது அதுக்கடுத்தத எழுப்பும். கடைசி வரிசைல சி5, சி6, சி7, சி8, சி9னு அஞ்சு பேரு, இவங்க ஒன்னா சேந்துதான் கிருமியோட தோல்ல ஓட்ட போடுவாங்க, உள்ள தண்ணி பூந்து அது வெடிச்சு செத்துரும். உங்க மகனுக்கு ரெண்டாவது ஆள் வரல. பீலில தண்ணி இருக்கு, வாளி இருக்கு, ஆனா தீக்கிட்ட போய் சேராது.

அப்ப ஏன் அவனுக்கு எல்லா நோயும் வரலனு கேப்பீங்க. மத்த கிருமிங்கள வெள்ளை அணுக்கள் முழுங்கிரும், அதுக்கு இந்த ஓட்ட தேவையில்ல. இந்த மூளைக்காய்ச்சல உண்டாக்குற மெனிஞ்சோகொக்கஸ்னு ஒரு கிருமி இருக்கு, முக்கியமா அதுக்குதான் இந்த ஓட்டைய விட்டா சரியான ஆயுதம் கெடையாது. அதனாலதான் மத்த நாள் எல்லாம் பந்து அடிச்சுக்கிட்டு நல்லா இருக்க புள்ள திடீர்னு இந்த ஒரு காய்ச்சல்ல மட்டும் விழுறான். இந்த குறை உள்ளவங்களுக்கு அந்த காய்ச்சல் வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட ஆயிரம் மடங்குக்கும் மேல, முதல் தடவையும் பெரும்பாலும் கைக்குழந்தைல இல்லாம பதின்ம வயசுலதான் வரும். வேடிக்கை என்னன்னா மத்தவங்கள விட இவங்க பொழைக்கிறதுதான் அதிகம். அதுக்காக அசால்ட்டா இருக்கலாம்னு அர்த்தமில்ல.

இங்க என் தப்பையும் சொல்லிடுறேன். வார்டுல புதுசா வேலை பார்த்த காலத்துல இதே வயசுல ஒரு பையன், ரெண்டாவது தடவை மெனிஞ்சைட்டிஸ், அதாவது இதே மூளைக்காய்ச்சல். ஊசி போட்டோம், எழும்பி உக்காந்தான், டயக்னோசிஸ் கார்ட்ல 'குணமாகிட்டுது'னு எழுதி அனுப்பிட்டேன். முதல் தடவை என்ன கிருமினு கேக்கவே இல்ல. அவங்கம்மா பழைய கார்ட பொலித்தீன் பேக்ல சுத்தி மடியிலயே வச்சிருந்தாங்க, நான் கை நீட்டி வாங்கல. உங்க டாக்டர் வாங்கிப் பார்த்திருக்காரு, அவருக்கு என் வணக்கம்.

சொந்தத்துல கட்டினதால குறை புதுசா உண்டாகல. ரெண்டு பேருக்கும் ஒரே தாத்தா பாட்டி, அவங்ககிட்ட இருந்த ஒரு பழுதான ஜீன் ரெண்டு பக்கமும் வந்து உங்க மகன்கிட்ட ஜோடி சேந்துருச்சு. உங்ககிட்டயும் வீட்டுக்காரர்கிட்டயும் ஒவ்வொன்னுதான், அதனால நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. சின்னவளுக்கு இருக்க வாய்ப்பு நாலுல ஒன்னு, அதனால காய்ச்சல் வர்ற வரைக்கும் காத்திருக்காம அவளுக்கும் பாத்துருங்க. டெஸ்ட் பேரு சி.எச்.50, முழு வரிசையும் வேலை செய்யுதானு காட்டும். ஆனா இதுல ஒரு சிக்கல். 1890கள்லயே பெல்ஜியத்து ஜூல்ஸ் போர்டே சீரத்த, அதாவது ரத்தம் உறைஞ்ச பிறகு தெளியுற தண்ணிய, சூடாக்கினா இந்த சக்தி போயிருதுனு காட்டினாரு, 1919க்கான நோபலும் கெடச்சது. அந்த குணம் இன்னும் மாறல, நம்ம ஊர்ல எடுத்த ரத்தம் பிரிச்சு உறைய வைக்காம பஸ்ல கொழும்பு வரைக்கும் குலுங்கிப் போனா நல்ல புள்ளைக்கும் குறைவுனு ரிப்போர்ட் வரும். அதனால மகனோடதையும் ஒரு தடவை திரும்ப பாக்க சொல்லுங்க.

மருந்துனு கேட்டா, சி6 புரதத்த செஞ்சு குப்பில அடைச்சு விக்கிறது இல்ல. பிளாஸ்மா, அதாவது ரத்தத்தோட தண்ணி பாகம், ஏத்தலாம், ஆனா சில நாள்ல கரைஞ்சிரும், உடம்பு அதுக்கு எதிராவே திரும்பவும் கூடும். செய்யக்கூடியது தடுப்பூசி. ஹஜ் போறவங்களுக்கு போடுறாங்களே மெனிஞ்சோகொக்கல் ஊசி, அது, கூடவே பி வகைக்கு தனியா ஒன்னு இருக்கு. நம்ம நாட்டு சாதாரண அட்டவணைல இது இல்ல, அதனால புள்ளைக்கு எல்லா ஊசியும் போட்டாச்சுனு கிளினிக் கொப்பிய காட்டி நிம்மதியா இருக்காதீங்க. ஹஜ் ஊசிக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா பூஸ்டரும் வேணும், பி வகைக்கு எப்பனு டாக்டர்கிட்ட கேளுங்க. சிலருக்கு பெனிசிலின் தினமும் குடுப்பாங்க, அது உங்க டாக்டர் முடிவு.

காய்ச்சலோட தலைவலி, வாந்தி, கழுத்து வெறைப்பு, இல்லன்னா செவப்பு ஊதா புள்ளி, இதுல ஒன்னு வந்தாலும் தோட்டத்து டிஸ்பென்சரில பெனடோல் வாங்கிட்டு விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணியானாலும் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரி போங்க. ஒரு கிளாஸ புள்ளி மேல அழுத்துங்க, மறையலன்னா ஆபத்து. கருப்பு தோல்ல சரியா தெரியாம போகலாம், உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமைக்கு உள்ள பாருங்க. 'சி6 குறைவு, உடனே ஆன்டிபயோட்டிக் ஊசி தேவை'னு டாக்டர்கிட்ட ஒரு துண்டு எழுதி வாங்கி மகன் பர்ஸ்ல வச்சிருங்க.

கேள்வி: எனக்கு மாசத்துக்கு ஒருக்கா உதடு, கண்ணு, சில நேரம் கை ஊதிரும், ஆனா அரிப்பு இல்ல. வயித்து வலி வந்து அப்பென்டிக்ஸ்னு வெட்டினாங்க, அது நல்லாத்தான் இருந்துச்சாம். அலர்ஜி ஊசி எதுவும் கேக்கல. அம்மாவுக்கும் இப்படித்தான். போன மாசத்திலிருந்து பிரஷருக்கு எனலாபிரில் குடுத்திருக்காங்க.
- ஒரு வாசகி, பசறை

பதில்: தங்கச்சி, கடைசி வரிய படிச்சதும் பக்குனு இருந்துச்சு. அந்த மாத்திரைய வேற வகைக்கு மாத்த நாளைக்கே டாக்டர பாருங்க, இந்த வீக்கத்த அது தூண்டி விடும்.

இதுவும் காம்ப்ளிமென்ட் குடும்பம்தான், ஆனா நேர் எதிர் கதை. மேல சொன்னதுல ஆள் குறைவு, உங்களுக்கு பிரேக் குறைவுனு சந்தேகப்படுறேன். சி1 இன்ஹிபிட்டர்னு ஒரு புரதம் இந்த வரிசைய அடக்கி வைக்கும், பிராடிகைனின்னு ஒரு பொருள் கண்டபடி சொரக்காமயும் பாத்துக்கும். இந்த இன்ஹிபிட்டர் குறைஞ்சா ரத்தக்குழாய் கசிஞ்சு ஊதும், குடல் ஊதினா அப்பென்டிக்ஸ் மாதிரியே வலிக்கும். அலர்ஜிய உண்டாக்குற ஹிஸ்டமின் இதுல ஆளே இல்ல, அதனாலதான் பிரிட்டோன் அலர்ஜி மாத்திரை, ஸ்டீராய்ட், அட்ரினலின் எதுவும் கேக்கல. அம்மா, அப்பா யாராவது ஒருத்தர்கிட்ட இருந்து வந்தாலே போதும், புள்ளைங்களுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு.

முதல்ல சி4 பாருங்க, பெரும்பாலும் குறைவா இருக்கும், அப்புறம் சி1 இன்ஹிபிட்டர். அந்த புரதத்தையே ஊசியா ஏத்தலாம், இகாடிபான்ட்னு ஒரு ஊசியும் இருக்கு, வெலை பயங்கரம், எல்லா ஆஸ்பத்திரிலயும் இருக்காது. அவசரத்துக்கு பிளாஸ்மா ஏத்துவாங்க. அடிக்கடி வராம இருக்க டானசோல் மாத்திரை உண்டு, கர்ப்பமா இருக்கவங்க தொடக்கூடாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள குடும்பக்கட்டுப்பாட்டு வில்லையும் வேணாம். பல்லு புடுங்க போறதுக்கு முன்னாடி சொல்லிருங்க, அதுலயே தொண்டை ஊதலாம். குரல் மாறினா, முழுங்க கஷ்டமா இருந்தா வீட்டுல ஒரு நிமிசம் நிக்காதீங்க.

கேள்வி: மகளுக்கு கால்ல செரங்கு வந்து ஆறின பிறகு முகம் ஊதி மூத்திரம் பிளேன் டீ நெறத்துல போச்சு. சி3 குறைவுனு ரிப்போர்ட். இது பரம்பரை நோயா?
- ஒரு தகப்பன், மஸ்கெலியா

பதில்: பெரும்பாலும் இல்ல. செரங்குல இருந்த ஸ்ட்ரெப்டோகொக்கஸ்ங்குற கிருமியோட சண்டை போட்டு கிட்னில சி3ங்குற காம்ப்ளிமென்ட் புரதம் செலவாகிருச்சு, அவ்வளவுதான். ஆறு எட்டு கிழமைல தானா ஏறிரும். அப்ப திரும்ப பாக்க சொல்லுங்க, இதத்தான் எல்லாரும் மறந்துருவாங்க. மூணு மாசமாகியும் ஏறலன்னா, இல்ல சி4உம் சேந்து குறைஞ்சிருந்தா லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குற நோய்) மாதிரி வேற காரணம் தேடணும். மத்த புள்ளைங்க செரங்குக்கும் இப்பவே மருந்து போடுங்க.

கேள்வி: முருங்கக்கீர சூப்பு, நோய் எதிர்ப்பு சக்தி பவுடர் எல்லாம் குடிச்சா காம்ப்ளிமென்ட் ஏறுமா?
- ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: ஏறாது. கீர நல்லது, குடிங்க. பவுடர் காச ஆட்டோவுக்கு வைங்க.