பத்து லட்சம் டிகிரி கொதிக்கும் சூரிய கொரோனாவில் (சூரியனின் வெளி வளிமண்டலத்தில்) குளிர்ந்த மழை எப்படிப் பெய்கிறது?

எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கைடு "பிளஸ்-மைனஸ் குறி தப்பு" என்று சொல்லியிருந்தால் உடனே அடித்துத் திருத்திவிடாதீர்கள். நான் திருத்தினேன், இன்றுவரை மனசு ஆறவில்லை.

கேள்விக்கு வருகிறேன். கொரோனாவின் பிளாஸ்மா, அதாவது மின்னூட்டம் பெற்ற வாயு, ஒளியாக இழக்கும் வெப்பம் அடர்த்தியின் வர்க்கத்துக்கேற்பக் கூடும். தவிர, அந்த வெப்பநிலைகளில் சூடு குறையக் குறைய அது அதிகமாக ஒளிவீசும். ஓரிடம் லேசாகக் குளிர்ந்தால் சுற்றியுள்ள அழுத்தம் அதை நெருக்கும், அடர்த்தி ஏறும், இன்னும் வேகமாகக் குளிரும். கடைசியில் 10,000 கெல்வின் அளவுக்கு இறங்கி, காந்தக் கோடுகள் வழியே கட்டிகட்டியாகக் கீழே வழியும். அதுதான் கொரோனா மழை. லேசான குளிர்ச்சி தானாகவே பெருகும் இந்த வெப்ப நிலையின்மையை இயற்பியலாளர்கள் பார்க்கர் 1953-இலும் ஃபீல்டு 1965-இலும் விளக்கிவிட்டார்கள்.

இதை விவரிக்கும் சமன்பாட்டுக்கு மூன்று மூலங்கள், அதாவது மூன்று தீர்வுகள். ஒன்று இந்தக் குளிர்ச்சி, மற்ற இரண்டும் ஒலி அலைகள். என் புராஜெக்டில், கொரோனாவுக்குள் வெப்பம் எப்படி வருகிறது என்று நான் எடுத்துக்கொண்ட வெப்பமூட்டல் சார்புக்கு அலைகள் தேயாமல் வளர்ந்தன. கைடு சிவப்பு மையில் சுழித்து, "அலை தேயும்மா, வளராது. மைனஸ் எங்கே?" என்றார். மூன்று வாரம் தேடினேன், பிழை இல்லை. கடைசியில் வெப்பமூட்டல் சார்பையே மாற்றி, தேய வைத்துக் கொடுத்தேன்.

பல வருஷம் கழித்து ஃபீல்டின் கட்டுரையைப் படித்தபோது என் அலை அங்கே தனி நிபந்தனையோடு இருந்தது. நெருக்கப்படும் நொடியில் உள்ளே வரும் வெப்பம் இழப்பை மிஞ்சினால் அழுத்தம் கூடுதலாக ஏறி அலையை உந்தும்; ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல. அந்தக் கட்டுரை வந்த இதழ்த் தொகுதி எங்கள் துறையில் பூட்டிய பீரோவுக்குள் இருந்ததுதான். மாணவர்களுக்குச் சாவி கிடையாது. வைவாவில் இதைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, "தமிழ் மீடியமா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டார்கள்.

காந்தப்புலத்தை விட்டுவிட்டேன் என்று யாராவது வருவார்கள். காந்த அழுத்தம் ஓங்கிய இடத்தில், காந்தக் கோட்டின் நெடுக ஓடும் மெதுவலை (காந்தப்புலமுள்ள பிளாஸ்மாவின் மெதுவான அலை) கிட்டத்தட்ட ஒலி அலைதான். கைடு சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்றும் சொல்லவில்லை: வெப்பக் கடத்தல் குறுகிய அலைகளை அமுக்கிவிடும், சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் சூமர் என்ற நிறமாலைக் கருவி கொரோனாவின் சூடான காந்த வளையங்களில் கண்ட அலைகளும் ஓரிரு அலைவிலேயே தேய்ந்தன. ஆனால் கொரோனாவைச் சூடாக்குவது எது என்பதே இன்னும் முடிவாகாத விஷயம். அலை வளர்கிறதா தேய்கிறதா என்பது அதற்கான துப்பு. அதைத்தான் நான் அழித்தேன்.

உங்கள் வெப்பமூட்டல் அடர்த்தியையும் வெப்பநிலையையும் எப்படிச் சார்ந்திருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பிளஸ் வந்தால் பிளஸ் என்றே கொடுங்கள்.