டிரம்ஸ் எங்கே?

அன்புள்ள ஐயா,

நிர்வாணா என்ற ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்தவை என்று எழுதிவைத்த பட்டியலில் யங் மார்பிள் ஜயன்ட்ஸ் குழுவின் ‘கொலோசல் யூத்’ ஆல்பம் இருந்ததால், அதைப் பேருந்தில் கேட்டேன். டிரம்ஸ் இல்லை, பாடகியின் குரலில் உணர்ச்சியும் இல்லை. ஒத்திகையைப் பதிவுசெய்தது போலிருக்கிறது. பணமில்லாமல் இப்படி முடித்துவிட்டார்களா? அடுத்த ஆல்பங்களில் எதைக் கேட்கலாம்?

அன்புள்ள நண்பருக்கு,

அடுத்த ஆல்பம் கிடையாது. 1980இன் தொடக்கத்தில் ரஃப் டிரேட் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட இந்த ஒன்றோடு சரி. ஓரிரு பாட்டுகளே கொண்ட சில சிறு இசைத்தட்டுகளுக்குப் பிறகு குழு கலைந்துவிட்டது. கோபேனின் பட்டியலையும் விட்டுவிடுங்கள். இரவல் நாக்கில் ருசி தெரியாது.

ஆனால் ‘ஒத்திகை போல’ என்றீர்களே, அதை விட மனமில்லை. ஏனென்றால் அந்தத் தவறை நான் உங்களுக்கு முன்பே செய்தவன். நண்பர் ஒருவர் பதிவுசெய்து தந்த கேசட்டை முதல்முறை போட்டபோது, பாதி வாத்தியங்கள் விழவில்லை என்றே நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டை இரண்டு முறை துடைத்தேன். அப்படியும் பாட்டு நிறையவில்லை. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். சில மாதங்கள் கழித்து, ஒரு கோடை இரவில் மின்சாரம் போய் மின்விசிறி நின்ற பிறகு, பேட்டரியில் அதே கேசட்டை ஓடவிட்டபோதுதான், பேஸ் கிட்டாரின் தந்தியில் ஒரு விரல் நகர்வது என் காதில் விழுந்தது.

அந்த விரல் பிலிப் மாக்ஸமுடையது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் 1978இல் தொடங்கிய இக்குழுவில் அவர், அவருடைய சகோதரர் ஸ்டுவர்ட், பாடகி அலிசன் ஸ்டாட்டன் என்று மூவர்தான். ராக் குழுக்களில் வழக்கமாகப் பின்னால் நிற்கும் பேஸ் இங்கே மெட்டைச் சுமந்து முன்னால் நடக்கிறது. ஸ்டுவர்ட்டோ உள்ளங்கையின் ஓரத்தைத் தந்திகளின் மேல் அழுத்தி, கிட்டாரின் ஒலி நீளுமுன் அதை நறுக்கிவிடுகிறார். டிரம்ஸ் எங்கே என்றீர்கள். உறவினர் ஒருவர் வீட்டில் செய்துகொடுத்த மின்னணுத் தாளப்பெட்டியின் ஓசைதான் அங்கே டிக் டிக்கென்று கேட்கிறது. அதைக் கேசட்டில் பிடித்து மேடையிலும் ஓடவிட்டார்கள். ஆள் வாசிக்கும் தாளம் பாடகருக்காக ஒரு கணம் தயங்கும், கேசட் தயங்காது. ஆகவே யாரும் பொங்கவோ இழுக்கவோ வழியில்லாமல் ஒவ்வொருவரும் தன் அளவோடு நின்றாக வேண்டியிருந்தது. மற்ற குழுக்களெல்லாம் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் தெரிந்தேதான் குறைத்தார்கள். அணு ஆயுதப் போரில் உலகம் முடியும் நாளை ‘ஃபைனல் டே’ என்ற பாட்டில் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லி முடித்தவர்கள் அவர்கள். அலிசனின் குரலில் உணர்ச்சி இல்லை என்கிறீர்கள். துணி மடிக்கும்போது தனக்குள் பாடுகிற பெண்ணிடம் போய், இன்னும் உருக்கமாகப் பாடம்மா என்பீர்களா?

பேருந்தில் கேட்டேன் என்று எவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டீர்கள்! இடைவெளிகளால் கட்டப்பட்ட ஓர் இசையை, அந்த இடைவெளிகளில் எல்லாம் ஏர் ஹாரனை நிரப்பிக் கேட்டுவிட்டு, காலியாக இருக்கிறது என்று புகார் சொல்கிறீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஸ்பிரிட் பாட்டிலோடு உட்கார்ந்தவன்தான்.

இன்றிரவு ஃபேனை நிறுத்திவிட்டு முதல் பாட்டை மட்டும் போட்டு, பேஸைப் பின்தொடர்ந்து போங்கள். வியர்க்கும், பாட்டு மூன்று நிமிடம்தான்.