எதற்குச் சிரித்தீர்கள்?

கேள்வி: பருவநிலை மாற்றம் பற்றி நிறையப் படிக்கிறேன். ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் பெரிய நிறுவனங்கள் கக்கும் புகைக்கு முன்னால், நான் ஒருவன் காரை நிறுத்தி என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டில் மூன்று கார் நிற்கிறது. என் எட்டு வயது மகள்கூட முக்காலி போட்டு ஏறி, ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைத்துக்கொண்டே இருக்கிறாள். நாங்கள் சிரித்துவிட்டு மறுபடி போட்டுவிடுவோம். தனி மனிதனால் முடியுமா?

பதில்: உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த முக்காலி. கைக்கு எட்டாத சுவிட்சுக்காக ஒரு பிள்ளை அதை இழுத்துவந்து ஏறுகிறாள். அவள் இறங்கி அதைத் திருப்பி வைப்பதற்குள் நீங்கள் சிரித்துக்கொண்டே விளக்கைப் போட்டுவிடுகிறீர்கள். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள், எனக்கு அதைத் தாண்டி மேலே படிக்க முடியவில்லை.

நிறுவனங்களைப் பற்றி நீங்கள் சொல்வது சரிதான். 'கார்பன் தடம்', அதாவது நாம் ஒவ்வொருவரும் எவ்வளவு கரியமில வாயு வெளிவரக் காரணமாகிறோம் என்று தனி மனிதர்களைக் கணக்குப் பார்க்க வைக்கும் பேச்சை, 2000-களில் உலகம் முழுக்கப் பரப்பியதில் பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களைக் கேள்வி கேளுங்கள், ஓட்டுப் போடும்போது நினைவில் வையுங்கள். ஆனால் உங்கள் வீட்டு விளக்கை மறுபடி போட்டது எந்த நிறுவனம்?

தெரிந்தும் மனிதர்கள் ஏன் செய்வதில்லை என்று ராபர்ட் கிஃபோர்ட் என்ற கனடா உளவியலாளர் 2011-ல் 29 தடைகளைத் தொகுத்தார். 'அடுத்தவர் செய்யவில்லையே', 'என்னால் என்ன ஆகும்', 'பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்' எல்லாம் அதில் உண்டு. முதல் இரண்டும் உங்கள் கடிதத்திலேயே இருக்கின்றன. மூன்றாவதை, சிரித்துச் சிரித்தே மகளுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள்.

ஒரு விளக்கை அணைத்தால் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. பெரிய கணக்கெல்லாம் காரிலும் விமானத்திலும் ஏசியிலும் குப்பைக்குப் போகும் சாப்பாட்டிலும் இருக்கிறது. அவை பெரியவர்கள் கையில். பிள்ளைக்கு எட்டுவது சுவிட்ச் ஒன்றுதான், அதுவும் முக்காலி போட்டால். எட்டுகிற அந்த ஒன்றை அவள் செய்கிறாள். எல்லாம் எட்டுகிற நீங்கள் பக்கத்து வீட்டுக் காரை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்!

முடியுமா என்று கேட்டீர்கள். மக்களின் பயன்பாட்டில் வரும் மாற்றங்கள், அதற்கேற்ற கொள்கையும் வசதியும் சேர்ந்தால், 2050-க்குள் புவியைச் சூடாக்கும் வாயுக்களின் உமிழ்வை 40 முதல் 70 சதவீதம் வரை குறைக்க முடியும் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கை. தனியாக ஒருவர் செய்வதல்ல அது. வீடு வீடாகச் சேர வேண்டியது. உங்கள் வீட்டிலோ மூன்று பேரில் ஒருத்திதான் சேர்ந்திருக்கிறாள். பிள்ளை நல்லது செய்தால் கூட நின்று செய்வது பெற்றவர்களின் கடமை. அதைக்கூடச் செய்யாமல் உலகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

இன்றிரவே நீங்களும் உங்கள் மனைவியும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, சிரித்தது தப்பு என்று சொல்லுங்கள். வாரத்தில் எந்தெந்த நாள் காரை எடுப்பதில்லை என்று மூவருமாக முடிவு செய்யுங்கள். அப்புறம் அந்த முக்காலியை எடுத்து உள்ளே வையுங்கள். ஆளில்லாத அறையில் விளக்கை அணைப்பது இனி உங்கள் வேலை.