ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்தச் சொல்கிறார் கோச். என்ன செய்யலாம்?

அன்புள்ள அம்மா,

உங்கள் மகன் (தம்பி என்றே சொல்கிறேன்) கிரிக்கெட்டில் நன்றாகப் பந்து வீசுகிறார், 16 வயதுக்குட்பட்டோர் தேர்வில் ப்ராபபிள்ஸ் பட்டியல், அதாவது அணிக்குப் பரிசீலிக்கப்படுபவர்களின் பட்டியல் வரை போய்விட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. அணியில் இடம் கிடைக்காததால், "ஸ்கூலை நிறுத்திட்டு ஓபன் ஸ்கூல்ல சேருங்க, காலையும் சாயங்காலமும் நெட்ஸுக்கு வரட்டும்" என்கிறார் கோச். ஓபன் ஸ்கூல் என்றால் வகுப்புக்குத் தினமும் போகாமல் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதுவது; நெட்ஸ் என்றால் வலைக்குள் நடக்கும் பயிற்சி. உங்கள் கணவர் சரி சொல்லிவிட்டார். உங்களுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் பள்ளியை நிறுத்த வேண்டாம். பயிற்சியையும் குறைக்க வேண்டாம். பத்தாம் வகுப்பு முடியும்வரை இரண்டும் சேர்ந்தே போகட்டும். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதை அப்போது தம்பி எந்த அணியில் ஆடுகிறார் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

கோச் சதுரங்க வீரர் குகேஷை உதாரணம் காட்டினார் என்கிறீர்கள். சென்னையில் இப்போது எல்லாப் பெற்றோரும் கேட்கும் உதாரணம் அது. குகேஷ் நான்காம் வகுப்புக்குப் பிறகு முழுநேரப் பள்ளிக்குப் போகவில்லை என்பது உண்மை. 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024 டிசம்பரில் 18 வயதில் உலக சாம்பியன். ஆனால் அவருடைய பெற்றோர் இருவரும் மருத்துவர்கள். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காக அப்பா தன் தொழிலையே ஒதுக்கி வைத்தார். ஒன்பது, பத்து வயதிலேயே சர்வதேசப் போட்டிகளில் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. அதோடு சதுரங்கத்தில் ஒரு சிறுவன் எத்தனை வலுவானவன் என்பதை, போட்டி முடிவுகளை வைத்துக் கணக்கிடும் ரேட்டிங் எண்ணே காட்டிவிடும். பதினான்கு வயது வேகப்பந்து வீச்சாளரை அப்படி அளக்க முடியாது. அவர் இன்னும் எத்தனை அங்குலம் வளர்வார், முதுகு தாங்குமா என்பதெல்லாம் இனிமேல்தான் தெரியும்.

இதே சென்னையில் வேறு உதாரணங்களும் இருக்கின்றன. சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் கிராண்ட்மாஸ்டராக இருந்துகொண்டே லயோலாவில் பி.காம். முடித்தார். கிரிக்கெட் வீரர் அஸ்வின் எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். படித்தவர். டேபிள் டென்னிஸ் சத்தியனும் பொறியியல் பட்டதாரி. ஸ்ரீகாந்த், வெங்கட்ராகவன் காலத்திலிருந்தே கிண்டி பொறியியல் கல்லூரிக்கும் சென்னை கிரிக்கெட்டுக்கும் உறவு உண்டு. படித்ததால் இவர்கள் யாருடைய ஆட்டமும் கெடவில்லை.

இனி உங்கள் கணவரிடம் காட்ட வேண்டிய கணக்கு. மாநில அணிகள் மோதும் ரஞ்சி கோப்பையில் ஆடும் வீரருக்கு, ஆடும் அணியில் இருந்தால், ஒரு நாளைக்கு 40,000 ரூபாய் முதல் 60,000 ரூபாய் வரை ஊதியம். நல்ல வருமானம்தான். ஆனால் தமிழ்நாடு முழுவதற்கும் ஒரு போட்டிக்கு எடுக்கும் அணியில் இருப்பவர்கள் ஏறத்தாழ பதினைந்து பேர். தமிழ்நாடு பிரீமியர் லீக்கான டி.என்.பி.எல்.லில் எட்டு அணிகள் இருப்பதால் வாசல் கொஞ்சம் அகலமாகியிருக்கிறது. ஆனாலும் கிளப் அணிகள் ஆடும் லீக்கில் கீழ்ப் பிரிவில் தொடங்கி முதல் பிரிவு வரை ஏற இருபது வயது தாண்டிவிடும். அந்த ஆண்டுகளில் வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று இப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அந்த இடைவெளியில் தாங்கிப்பிடிப்பது விளையாட்டு வீரர்களுக்கான வேலைதான். ரயில்வே, வருமான வரித்துறை, வங்கிகள், காவல்துறை என்று பல இடங்களில் இந்த வழியில் ஆள் எடுக்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்பை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். லெவல் என்பது ஊதியப் படி; லெவல் 1 வேலைக்குப் பத்தாம் வகுப்பு, லெவல் 2, 3 வேலைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, லெவல் 4, 5 வேலைகளுக்குப் பட்டம் என்று கேட்டிருப்பார்கள். பந்துவீச்சு ஒரே தரமாக இருந்தாலும் கையில் இருக்கும் சான்றிதழைப் பொறுத்துச் சம்பளம் மாறும். படிப்பை விட்டுவிட்டால், விளையாட்டால் கிடைக்கக்கூடிய வேலையே கீழ்ப்படியில் நின்றுவிடும். இதை உங்கள் கணவருக்குப் புரியவைத்தால் பாதி வாதம் முடிந்துவிடும்.

ஓபன் ஸ்கூல் மட்டமானது என்று நான் நினைக்கவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனமான என்.ஐ.ஓ.எஸ். தரும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை வைத்துக் கல்லூரியில் சேரலாம். பதிவு செய்தால் ஐந்து ஆண்டு அவகாசம், ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள். தம்பி 16 அல்லது 19 வயதுக்குட்பட்ட மாநில அணியில் நிலையாக ஆடி, ஆண்டில் பல வாரங்கள் வெளியூரில் இருக்க நேர்ந்தால், பதினொன்றாம் வகுப்பில் அந்த வழியை நானே சொல்வேன். ஆனால் இப்போது சேர்த்தால் புத்தகத்தை எடுத்து உட்காரவைக்க வீட்டில் ஒருவர் தினமும் இருக்க வேண்டும். நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். இன்னொன்று, பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடப் பள்ளி வேண்டும். தேர்வாளர்கள் பையன்களைக் கவனிக்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

நேரம் போதவில்லை என்று கோச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். வீடு கொளத்தூரில், அகாடமி வேளச்சேரியில். போக்குவரத்து நெரிசலில் போகவும் வரவும் தினம் மூன்று மணி நேரம் ஓடிவிடும். பள்ளியிலிருந்து இருபது நிமிடத்தில் போகக்கூடிய நெட்ஸைத் தேடுங்கள். பெயர் பெற்ற அகாடமிக்கு வாரக் கடைசியில் மட்டும் போகட்டும். இந்த ஒரு மாற்றத்தில் தூக்கமும் படிப்பும் இரண்டுமே திரும்பக் கிடைக்கும். பதின்வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். பந்து வீசி அயர்ந்த உடம்பு தேறுவது தூக்கத்தில்தான்.

சென்னைக்கு ஒரு வசதி உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் மைதானம் ஊறிக்கிடக்கும், பல நாட்கள் நெட்ஸ் நடக்காது. அந்த நாட்களில் பாடத்தை முந்திக்கொண்டு முடித்து வைக்கட்டும். வயதுப் பிரிவுப் போட்டிகள் அரையாண்டுத் தேர்வை ஒட்டி வந்தாலும் அப்போது பதற்றம் இருக்காது.

பள்ளியிடமும் பேசுங்கள். சி.பி.எஸ்.இ.யில் 75 சதவீத வருகைப் பதிவு விதி இருந்தாலும், தேசிய அளவிலான போட்டிகளுக்குப் போகும் மாணவர்களுக்குத் தளர்வு தருகிறார்கள். பொதுத்தேர்வும் தேசிய, சர்வதேசப் போட்டியும் மோதினால் பின்னொரு நாளில் தேர்வெழுத வழியும் இருக்கிறது. இதற்குக் கிரிக்கெட் வாரியம் அல்லது இந்திய விளையாட்டு ஆணையத்தின் கடிதம் வேண்டும், முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

தம்பியின் முதுகைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கு மிகுந்த கவலை அதில்தான். வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பு முழுதாக முதிர்ந்திருக்காது. அளவுக்கு மீறி வீசினால் அதில் விரிசல் விழும், பல மாதங்கள் ஆட்டமே நின்றுபோகும். அகாடமியில் வீசுவது, பள்ளி அணிக்கு வீசுவது, ஞாயிற்றுக்கிழமை லீக்கில் வீசுவது மூன்றையும் கூட்டிப் பார்க்க யாரும் இல்லை. கூட்டிப் பார்ப்பது நீங்களாக இருங்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை பந்து என்று தம்பியே எழுதட்டும். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இந்த வயதுக்கு வகுத்த வழிகாட்டுதலில், தொடர்ச்சியாக ஆறு ஓவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஓவர்தான் உச்சம். குனிந்து நிமிரும்போது ஒரு பக்கமாக முதுகு வலிக்கிறது என்று சொன்னால், தைலம் தேய்த்து அனுப்பாமல் விளையாட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். காலை, மாலை இரண்டு வேளையும் நெட்ஸ் என்ற திட்டத்தை நான் ஏற்காததற்கு இதுவும் காரணம்.

பணம் கேட்டு "நேஷனல்", "இன்டர்நேஷனல்" போட்டி என்று வெளியூர் அழைத்துப் போகிறவர்கள் பலர் உண்டு. அந்தச் சான்றிதழ்கள் ஒதுக்கீட்டில் பெரும்பாலும் செல்லாது. அங்கீகாரம் பெற்ற சங்கமோ பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்போ நடத்துகிறதா என்று விசாரித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் இருக்கின்றன. அங்கேயும் எந்த அளவிலான போட்டி, யார் நடத்தியது என்றுதான் பார்ப்பார்கள்.

பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்பதை இப்போதே பேச ஆரம்பியுங்கள். ஜே.இ.இ. என்ற பொறியியல் நுழைவுத் தேர்வுக்கான கோச்சிங்கோடு, கணக்கும் அறிவியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப்பும் கிரிக்கெட்டும் சேர்ந்தால் பிள்ளை நசுங்கிவிடுவான். தம்பிக்குக் கணக்கில் உண்மையான விருப்பம் இல்லையென்றால் காமர்ஸ் எடுக்கட்டும். பி.காம்., பி.பி.ஏ. படிப்புகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் தரும் கல்லூரிகள் சென்னையில் நிறைய உண்டு. பிசியோதெரபி பிடிக்குமென்றால் மட்டும் உயிரியல் வேண்டும்.

இந்த வாரம் உங்கள் கணவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள், தம்பி அருகில் இல்லாதபோது. தம்பியின் வாழ்க்கையை வைத்து நீங்கள் இருவரும் வாக்குவாதம் செய்வது அவர் காதில் விழ வேண்டாம். பிறகு மூவருமாகக் கோச்சைப் பார்த்து, "பத்தாம் வகுப்பு வரை பள்ளி தொடரும், அதற்கேற்ற பயிற்சி நேரம் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் வேறு கோச்சைத் தேடுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், எந்தெந்த அணிக்கு ஆடினார், எத்தனை விக்கெட், காயம் எப்படி என்ற விவரங்களோடு தம்பியையும் அழைத்துக்கொண்டு என்னை வந்து பாருங்கள்.